தோட்டத்து அலமாரியும் பல்கலைக்கழகப் பெட்டகமும்: கெடாத் தமிழரின் அரிய ஏடுகள்

கெடாத் தமிழர்களின் வரலாற்றை எழுத உட்காரும் ஒருவர் எந்த நூலகத்தின் கதவைத் தட்டுவது? சோழர் காலத்தில் கடாரம் எனப்பட்ட கெடாவைத் தேடுபவருக்கு நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம்தான் வழிகாட்டியாக இருந்து வந்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அச்சுக்கு லண்டனும் சிங்கப்பூரும். அரசுக் கோப்புகளுக்கு அலோர் ஸ்டார். தமிழ் நூல்களுக்குக் கோலாலம்பூர். அப்படியானால் சுங்கைப்பட்டாணியிலும் பீடோங்கிலும் கூலிமிலும் எழுதி, அச்சிட்டு, படித்தவை? அவற்றுக்கு ஆள் பிடித்து விசாரிக்க வேண்டும். விசாரித்துப் போய்ச் சேரும்போது பெரும்பாலும் வீடு கைமாறியிருக்கும், பழைய தாள் வாங்குகிறவர் வந்து போயிருப்பார்.

இந்த நிலை எப்படி ஏற்பட்டது, எது எங்கே காப்பாற்றப்பட்டிருக்கிறது, எது நழுவிப் போயிற்று, வடமலேசியாவில் உள்ள பல்கலைக்கழகங்கள் என்ன செய்யலாம் என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இங்கே நோக்கம்.

பல்கலைக்கழக நூலகங்களில் அரிய நூல்களுக்கென்று தனி அறை இருக்கும். அங்குள்ளவற்றை இரவல் தருவதில்லை. கேட்டால் எடுத்துவந்து மேசையில் வைப்பார்கள். பேனாவை வெளியே வைத்துவிட்டுப் பென்சிலோடு உட்கார வேண்டும். அந்த அறைக்குள் ஒரு நூல் போவதற்கு வயது மட்டும் காரணம் அல்ல. எத்தனை படி மிஞ்சியிருக்கிறது, யார் கையிலிருந்து வந்தது, ஓரத்தில் யார் குறிப்பு எழுதியிருக்கிறார், வேறு எந்தத் தாள்களோடு சேர்ந்து வந்தது என்பவை எல்லாம் சேர்ந்தே அதன் இடத்தைத் தீர்மானிக்கின்றன. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். ஹார்வர்ட் பல்கலைக்கழகம் அதை ஒரு பொக்கிஷமாக வைத்திருப்பதற்குக் காரணம் அதன் பருமன் அல்ல.

பல நூலகங்கள் ஓர் ஆண்டை எல்லையாக வைத்துக்கொண்டு அதற்கு முந்தியவற்றை எல்லாம் அரிய நூல் என்று ஒதுக்குகின்றன. ஐரோப்பிய அச்சுக்கு அது சரியாக வரலாம். கெடாவுக்கு வராது. 1860-களில் சென்னையில் அச்சான ஒரு புராணப் பதிப்புக்கு இன்றும் பல ஊர்களில் பல படிகள் கிடைக்கும். 1960-களில் ஒரு தோட்டத்து இளைஞர் மன்றம் சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த ஆண்டு மலருக்கு ஒரு படி கிடைத்தால் பெரிது. என் கருத்தில் இரண்டாவதுதான் அரிய நூல். பூட்டிய அறையில் முதல் இடம் அதற்கே தர வேண்டும்.

லைடனிலிருந்தே தொடங்குவோம். இராஜராஜ சோழனின் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06-இல், நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊர் பள்ளிச்சந்தம் என்னும் நிலக்கொடையாகத் தரப்பட்டது. தந்தை தொடங்கிய விகாரத்தை முடித்தவன் ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன். ஸ்ரீவிஜயத்துக்கும் கடாரத்துக்கும் அரசன். இராஜராஜன் வாயால் சொன்ன ஆணையைச் செம்பில் வெட்டுவித்தவன் அவன் மகன் இராஜேந்திரன். அதே இராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிக் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினான் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். செப்பேடு மொத்தம் 21 ஏடு. ஐந்து வடமொழி, பதினாறு தமிழ். சோழ முத்திரை பதித்த ஒரு பெரிய வளையம் அத்தனையையும் கோத்துப் பிடித்திருக்கிறது. வளையத்தோடு தூக்கினால் ஏறத்தாழ 30 கிலோ. குலோத்துங்கன் காலத்தில், 1090-இல், கடாரத்து அரசனின் தூதர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்தத் தானத்தின் உரிமைகளை உறுதி செய்த மூன்று ஏடுகள் வேறே உண்டு. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை ஆண்ட காலத்தில் கடல் கடந்து, கடைசியில் லைடன் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்ந்ததால் இவற்றுக்கு லைடன் செப்பேடுகள் என்றே பெயர் விழுந்துவிட்டது. இந்தியா இவற்றைத் திரும்பக் கேட்டு வந்திருக்கிறது, கேட்பது நியாயம்.

செப்பேட்டின் தமிழ்ப் பகுதியில் அரசன் புகழைவிட நிலக் கணக்குதான் அதிகம். எந்த ஊரின் எல்லை எங்கே முடிகிறது, எந்த வரி நீக்கப்பட்டது, எந்த அதிகாரி முன்னின்றார் என்று வரி வரியாகப் போகிறது. கடாரத்து அரசனுக்கும் தமிழ்நாட்டுக்கும் இருந்த உறவை இன்று நாம் இவ்வளவு துல்லியமாக அறிவதற்குக் காரணம், சில கணக்கர்களும் எழுத்தர்களும் சலிக்காமல் எழுதி வைத்ததும், அது அழியாப் பொருளில் இருந்ததும்தான். கெடாத் தோட்டங்களில் கிராணிமார்கள் என்ற அலுவலக எழுத்தர்கள் எழுதியதும் இதே வகைக் கணக்கு. அது தாளில் இருந்தது. அதைக் கேட்டு வாங்க யாரும் வரவில்லை.

தோட்டத்துக் காகிதங்களுக்கு வருமுன் கோலாலம்பூர்க் கதையைச் சொல்லியாக வேண்டும். மலேசியத் தமிழர்களுக்குப் பல்கலைக்கழக நூலகம் என்று ஒன்று வாய்த்ததில் தோட்டத் தொழிலாளர்களுக்குப் பங்கு உண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமைக்கும் பேச்சு 1950-களின் முற்பகுதியில் எழுந்தபோது, அதில் எந்த மொழி முதன்மை பெறுவது என்ற வாதம் நடந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக நின்றார். ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று பெயரிட்டு நிதி திரட்டினார். பால்மரம் வெட்டிப் பிழைத்தவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த வெள்ளிகளும் அதில் சேர்ந்தன. 1956-இல் சிங்கப்பூரில் துறை தொடங்கியது, பின்பு கோலாலம்பூருக்கு வந்தது. மக்கள் கொடுத்த பணம் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல் வாங்க உதவியது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் தங்கள் பேரப்பிள்ளைகள் படிக்கப்போகும் புத்தகங்களுக்குக் காசு கொடுத்தார்கள். உலகத்தின் எந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் இதைவிடப் பெரிய கொடையாளர் பட்டியல் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் துறைக்கு 1961-இல் தலைமை ஏற்று வந்த சேவியர் தனிநாயகம் அடிகளுக்கு அரிய நூல் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐரோப்பிய நூலகங்களில் புதைந்து கிடந்த பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைத் தேடி உலகத்துக்குச் சொன்னவர் அவர். அந்தாம் தெ புரவென்சாவின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்துப் படியை அடிப்படையாக வைத்து அதன் நிழற்படப் பதிப்பை 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வெளியீடாகவே கொண்டுவந்தார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடந்ததும் அதே ஆண்டுதான். தமிழியல் நூல்களுக்கு ஒரு வழிகாட்டிப் பட்டியலும் அவ்வாண்டே அவர் தொகுப்பில் வந்தது.

என் பார்வையில் அவற்றைவிட நமக்கு நெருக்கமான வேலை 1969-இல் நடந்தது. இந்திய இயல் துறையைச் சேர்ந்த இராம. சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சான தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்து ‘தமிழ் மலேசியானா’ என்ற பட்டியலை உருவாக்கினார். மலாயாப் பல்கலைக்கழக நூலகம் அதை வெளியிட்டது. நூலகத்தில் இருக்கும் நூலுக்குப் பட்டியல் போடுவது ஒரு வேலை. நாட்டில் எங்கெங்கோ அச்சான ஒவ்வொன்றையும், இனி வாங்க வேண்டும் என்ற நினைப்போடு பட்டியல் போடுவது வேறு வேலை. முரசு நெடுமாறன் 1997-இல் கொண்டுவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டியது. மா. இராமையாவின் இலக்கிய வரலாற்றுக் களஞ்சியம் 1996-இல் வந்தது. இவர்கள் இருவரும் பல்கலைக்கழகப் பதவியில் இருந்தவர்கள் அல்லர். வீட்டில் சேர்த்துவைத்த இதழ்களும் நண்பர்கள் கொடுத்த கத்தரிப்புகளும்தான் இவர்களுக்கு நூலகம். நிறுவனம் செய்யவேண்டியதைத் தனிமனிதர்கள் தோளில் சுமந்தார்கள். நாம் நன்றி சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம்.

இந்தப் பட்டியல்களில் கெடாவுக்கு உரிய இடம் ஏன் சிறியது? முதல் காரணம் சட்டம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்த நீரிணைக் குடியேற்றங்களில் 1886-இல் நூல் பதிவுச் சட்டம் வந்தது. அச்சகம் ஒவ்வொரு நூலுக்கும் அரசிடம் படிகள் கொடுக்க வேண்டும். அவற்றில் ஒன்று லண்டனுக்குப் போகும். பட்டியல் அரசிதழில் வரும். அரசு தன் தேவைக்குக் கொண்டுவந்த ஏற்பாடுதான். என்றாலும் மகுதூம் சாயபு 1887-இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, அதே ஆண்டில் அச்சான சதாசிவப் பண்டிதரின் செய்யுள் நூல்கள் போன்றவை தோன்றிய காலத்து அச்சு வரலாற்றை எழுத அந்தப் பதிவுகளும் படிகளும் பெரும் துணை. கெடா அப்போது சயாமின் மேலாண்மையில் இருந்தது. 1909-இல் பிரிட்டிஷார் பக்கம் வந்த பிறகும் அது தனி மலாய் மாநிலம்தான். அங்கே வாழ்ந்த தமிழர்கள் படித்ததும் எழுதியதும் பெரும்பாலும் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ நாகப்பட்டினத்திலோ அச்சாயின. நூலின் முகப்பில் கெடாவின் பெயர் வராது. வாசகர் கெடாவில், எழுதியவர் கெடாவில், அச்சகம் வேறு ஊரில். அச்சிட்ட இடத்தை வைத்து மட்டும் தேடுகிற நூலகர் கண்ணில் கெடா படவே படாது.

இரண்டாவது காரணம், கெடாவின் ஆவணங்கள் பல எழுத்துகளில் சிதறிக் கிடப்பது. மாநில அரசின் கோப்புகள் மலாயில், ஜாவி எழுத்தில், ஹிஜ்ரி ஆண்டில் இருக்கும். தோட்டக் கம்பெனிகளின் தாள்கள் ஆங்கிலத்தில். 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைத் தாய்லாந்திடம் ஒப்படைத்தார்கள். போர் முடியும் வரை நிர்வாகம் தாய்லாந்தினுடையது. சயாம் மரண ரயிலுக்கு ஆள் பிடித்துப் போன காலமும் இதை ஒட்டியதுதான். அந்த 415 கிலோமீட்டர்ப் பாதையில் மடிந்த தமிழர்களின் முழுப் பெயர்ப் பட்டியல் கிடையாது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ ஆகிய நாவல்களே பல குடும்பங்களுக்கு ஆவணத்தின் இடத்தை நிரப்பின. தமிழ் மட்டும் தெரிந்தவருக்குக் கெடாவின் பாதி வரலாறு பூட்டியே இருக்கும். தமிழ் தெரியாதவருக்கு மறு பாதி. சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதப் போக்குவரத்து 2001-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அது கெடாவுக்குப் பெருமை. ஓர் அரசனின் கடிதக் கட்டுகளை அவ்வளவு கவனமாகக் காத்த மாநிலத்தில், அதே ஆண்டுகளில் அங்கே காடு வெட்டி ரப்பர் நட்டவர்களின் தாள்களையும் காக்க முடியும்.

அந்தத் தாள்கள் என்ன? முதலில் செக்ரோல். தோட்டத்தில் விடிவதற்கு முன் பெரட்டு நடக்கும். பெயர் கூப்பிட்டுக் குறிப்பார்கள். அந்தக் குறிப்பு அலுவலகத்துக்குப் போய்ப் பெரிய பேரேட்டில் ஏறும். ஒரு பக்கத்தை விரித்தால் இடப்புறம் எண், அடுத்து பெயர், பிறகு மாதத்தின் நாள்களுக்குச் சிறுசிறு கட்டங்கள். முழு நாள், அரை நாள், நோய், வராத நாள் எல்லாம் ஒரு குறியில் அடங்கும். வலப்புறம் சம்பளம், அதிலிருந்து பிடித்த அரிசிக் கணக்கு, முன்பணம், கையில் கிடைத்தது. ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே சில வாரம் கட்டங்கள் காலியாக இருந்து மீண்டும் நிரம்பினால் அங்கே ஒரு பிள்ளை பிறந்திருக்கலாம். பெயர் நின்று, அதே வீட்டுப் பையனின் பெயர் அரைச் சம்பளத்தோடு கீழே சேர்ந்தால் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. தொழிலாளியின் வாழ்க்கை வரலாறு வேறெங்கும் இவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டதில்லை.

இங்கே செக்ரோலுக்கு ஒரு கூடுதல் முக்கியத்துவமும் உண்டு. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை போன 1,52,184 பேரும் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் எண், ஊர், தந்தை பெயர், கப்பல் பெயர் பதிவாயின. அந்தக் கப்பல் பட்டியல்களை டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் பேணுகிறது. கொள்ளுத் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார் என்று அங்கே போய்க் கேட்கலாம். மொரீஷியசில் மகாத்மா காந்தி நிறுவனம் அதே பணியைச் செய்கிறது. மலாயாவில் ஒப்பந்த முறை 1910-இல் கைவிடப்பட்டது. அதற்குப் பின் 1938 வரை கங்காணி முறைதான் ஓங்கி நின்றது. கங்காணி தன் ஊருக்குப் போய்ச் சொந்தபந்தங்களை அழைத்துவந்தார். நாகப்பட்டினத்து டிப்போவில் தங்கவைத்துக் கப்பலேற்றிப் பினாங்கில் இறக்கினார்கள். ஒப்பந்த முறை விட்டுச் சென்றதுபோல் ஆளுக்கொரு பதிவு அதில் தங்கவில்லை. ஆகவே நேட்டாலில் கப்பல் பட்டியல் செய்யும் வேலையை இங்கே தோட்டத்துச் செக்ரோல்தான் செய்ய வேண்டும். தோட்டம் கைமாறும்போது அலுவலகத்தைக் காலி செய்பவர்களுக்கு அது பழைய கணக்கு, அவ்வளவே.

அடுத்து தமிழ்ப்பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேடு, தலைமையாசிரியரின் நாட்குறிப்பு. 1957-இல் நாட்டில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இப்போது ஐந்நூற்றுச் சொச்சம். மூடிய பள்ளிகளின் ஏடுகள் இணைந்த பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். எல்லாம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்ப எனக்குத் தைரியம் இல்லை. இவற்றோடு கோயில் குடமுழுக்கு மலர்கள், திருவிழா உபயக்காரர் நோட்டீசு, தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு ரசீது, மணிமன்றம் என்ற இளைஞர் மன்றத்தின் கையெழுத்து இதழ், கல்யாண வாழ்த்து மடல், கருமாதிப் பத்திரிகை. நிலநிதிச் சங்கத்தின் ரசீதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில் அவை கண்ணெதிரே விற்றுப்போனபோது, துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகத் திரட்டி 1960-இல் தொடங்கிய சங்கம் அது. முதன்முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். அந்த ரசீது, ஒரு தொழிலாளி தான் வேலை செய்யும் மண்ணில் பங்கு வாங்கியதற்கான அத்தாட்சி.

பீடோங்கின் ஹார்வர்ட் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பின் அங்கே ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. கள்ளுக்கடையை எதிர்த்தார்கள், அணிவகுத்து நடந்தார்கள், தோட்டம் தோட்டமாகப் பரவினார்கள். 1947-இல் காவல்துறையோடு மோதல் வந்து இயக்கம் ஒடுக்கப்பட்டது. இன்று இதை எழுதும் ஆய்வாளருக்கு முதலில் கிடைப்பது காவல்துறை அறிக்கை, தொழில் இலாகாக் கோப்பு, ஆங்கிலப் பத்திரிகைச் செய்தி. மூன்றும் எதிர்த்தரப்பின் கண்கள். தொண்டர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட உறுதிமொழி, வரவுசெலவு, துண்டறிக்கை ஆகியவை ஒரு கட்டாகக் கிடைத்தால் அந்த வரலாற்றின் தொனியே மாறிவிடும்.

இலக்கியத்துக்கு வந்தால் பீடோங் இன்னொரு வகையிலும் நம்மை நிறுத்துகிறது. ரெ. கார்த்திகேசு 1940-இல் அங்கே பிறந்தார், கே. எஸ். மணியம் 1942-இல். ஒருவர் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டு தமிழில் ‘வானத்து வேலிகள்’, ‘அந்திம காலம்’ போன்ற நாவல்களை எழுதினார். மற்றவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ‘தி ரிட்டர்ன்’ 1981-இல் வந்தது. ஒரே சிற்றூரிலிருந்து, இரண்டு ஆண்டு இடைவெளியில், இரண்டு மொழிகளில் இரண்டு பெரிய நாவலாசிரியர்கள். உலகின் நல்ல பல்கலைக்கழக நூலகங்கள் இப்படிப்பட்டவர்களின் கையெழுத்துப் படிகளையும் கடிதங்களையும் திருத்திய அச்சுப்படிகளையும் அடுத்தடுத்த பெட்டிகளில் வைத்திருக்கும். 2016-இல் கார்த்திகேசு மறைந்தார், 2020-இல் மணியம். ‘மண்புழுக்கள்’ எழுதிய சீ. முத்துசாமியும், லூனாசில் பிறந்த ம. நவீனும், சுங்கைப்பட்டாணியின் கே. பாலமுருகனும் கெடா மண்ணின் எழுத்தாளர்களே. எழுத்தாளர் இருக்கும்போதே போய்ப் பேசி, எதைத் தருவார், எதை எப்போது திறக்கலாம் என்று எழுதி வாங்கிக்கொள்வதுதான் முறை.

இதழ்களின் கதை இன்னும் அவசரமானது. 1950-51-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் தமிழ் நேசனில் நடத்திய கதை வகுப்பில் தோட்டத்து இளைஞர்கள் அஞ்சல் வழியாகக் கதை எழுதக் கற்றார்கள். அப்படி எழுதியவற்றில் நூலானது கொஞ்சம். மிச்சம் எல்லாம் நாளிதழின் பக்கங்களிலேயே நின்றுவிட்டன. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இன் தொடக்கத்தில் நின்றது. ஒரு நாளிதழ் நிற்கும்போது அதன் பழைய கட்டுகளைக் கேட்டு வாங்குவதற்கு ஒரு பல்கலைக்கழகம் வாசலில் நிற்க வேண்டும். தமிழ் முரசு சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் முயற்சியால் இணையத்தில் தேடிப் படிக்கும் நிலைக்கு வந்திருக்கிறது; அதன் பழைய இதழ்களில் கெடாச் செய்திகள் கொட்டிக் கிடக்கின்றன. கெடாவை அறிய நாம் மீண்டும் சிங்கப்பூரின் கதவைத்தான் தட்டுகிறோம்.

தமிழகத்தில் ஒரு தனிமனிதர் சேர்த்தது எப்படி நிறுவனமாகலாம் என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா நல்ல சான்று. அவர் 1992-இல் மறைந்தபின் அவருடைய ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களும் தாள்களும் சிதறியிருக்கும். அப்படி ஆகாமல் சிகாகோ பல்கலைக்கழகம் முன்வந்து வாங்கியது. தொகுப்பைச் சென்னையிலேயே வைத்து 1994-இல் ஆய்வு நூலகம் அமைத்தார்கள். வெளிநாட்டுப் பணம், உள்ளூர் இருப்பு. சினிமாப் பாட்டுப் புத்தகமும் நாடக நோட்டீசும் அங்கே தீவிரமான நூலோடு சமமாக உட்கார்ந்திருக்கின்றன. கெடாவுக்குப் பொருந்தும் முன்மாதிரி இதுவே என்பது என் துணிபு. யாழ்ப்பாணத்தில் 1981-இல் ஒரே இரவில் சுமார் 97,000 நூல்கள் எரிந்ததையும் மறக்கக்கூடாது. எல்லாப் படியையும் ஒரே கட்டடத்தில் வைக்காதே என்பது அந்த நெருப்பு விட்டுச்சென்ற பாடம்.

பொருளைக் காப்பது பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்லெண்ணத்தாலேயே பல தாள்கள் கெடுகின்றன. நம் ஊர் ஈரம் தாளின் முதல் எதிரி. காற்றில் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். பகலில் குளிர்சாதனத்தைப் போட்டு மாலையில் அணைத்துவிட்டுப் போகும் வழக்கம் அதைவிட மோசம். குளிர்ந்த தாளின் மேல் இரவுக் காற்று வியர்க்கும். குறைவாகக் குளிரூட்டினாலும் இரவும் பகலும் ஒரே நிலையில் வைப்பது நல்லது. கரையானும் இராமபாணப் பூச்சியும் இருந்தால் நூலை உறையில் காற்றுப் புகாமல் மூடி மைனஸ் 20 டிகிரிக் குளிரில் ஒன்றிரண்டு வாரம் வைத்தால் பூச்சியும் முட்டையும் சாகும், மருந்து தெளிக்க வேண்டியதில்லை. செய்தித்தாள் மரக்கூழில் ஆனது. அதற்குள் இருக்கும் அமிலமே அதைப் பழுப்பாக்கி நொறுக்கிவிடும். அமிலமற்ற அட்டைப் பெட்டியில், வெளிச்சம் படாமல் வைத்தால் அந்த அழிவு மெதுவாகும். கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டுவதையும், பிளாஸ்டிக் சூடேற்றி லேமினேட் செய்வதையும் இன்றே நிறுத்த வேண்டும். ஒட்டியதை எளிதில் பிரிக்க முடியாது.

மின்னாக்கம் செய்துவிட்டால் போதும் என்ற எண்ணமும் பரவி வருகிறது. மின்னாக்கம் மிக அவசியம். வல்லினம் இலக்கியக் குழு நண்பர்கள் ‘சடக்கு’ இணையத் தளத்தில் மலேசிய எழுத்தாளர்களின் புகைப்படங்களைச் சேர்த்தது போன்ற வேலை இன்னும் பத்து மடங்கு நடக்க வேண்டும். ஆனால் படம் எடுத்தபின் மூலத்தைத் தூக்கிப் போடுவது தவறு. தோட்டத்து வாசகசாலையின் நூல் ஒன்றைக் கையில் எடுத்தால் அது புரியும். பழுப்புத் தாள் அட்டை, முதுகில் தையல் நூல், முதல் பக்கத்தில் மன்றத்தின் முட்டை வடிவ முத்திரை. கடைசித் தாளில் இரவல் வாங்கியவர்களின் கையொப்பங்கள். சிலருக்குக் கையொப்பத்துக்குப் பதில் கட்டைவிரல் ரேகை. ரேகை வைத்தவர் நூலை யாருக்காக வாங்கிப் போனார்? யாரோ படிக்க, அவர் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். இப்படிப்பட்ட சான்றுகளைப் பெரும்பாலான மின்னாக்கங்கள் வெற்றுப் பக்கம் என்று விட்டுவிடுகின்றன.

உரிமைச் சிக்கலும் உண்டு. மலேசியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து ஐம்பது ஆண்டு வரை பதிப்புரிமை நிற்கும். 1960-களின் பெரும்பாலான எழுத்து இன்னும் அந்த வேலிக்குள்ளேதான் இருக்கிறது. புனைபெயரில் எழுதியவர்களின் வாரிசைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. நூலகத்துக்குள் மட்டும் படிக்க அனுமதிப்பது இடைக்கால வழி. செக்ரோல், பள்ளிப் பதிவேடு போன்றவற்றில் நோய், கடன், சாதி ஆகிய விவரங்கள் இருக்கும். உயிரோடு இருப்பவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் பாதிக்கும் பக்கங்களுக்குக் காலக்கெடு வைத்தே திறக்க வேண்டும்.

1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலுக்கும் ஐந்து படிகளைத் தேசிய நூலகத்துக்குத் தரச் சொல்கிறது. கோயில் மலர் வெளியிடும் நிர்வாகக் குழுவிலும் பள்ளி மலர் அச்சிடும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் எத்தனை பேருக்கு இது தெரியும்? இதைச் சொல்லித்தருவதற்குப் பணம் வேண்டாம்.

வடக்கில் நிறுவனங்களுக்குக் குறைவில்லை. 1984-இல் தொடங்கிய வட மலேசியப் பல்கலைக்கழகம் சிந்தோக்கில் இருக்கிறது. செமிலிங்கில் மலேசிய இந்திய காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்விக்கரமான எம்.ஐ.இ.டி. எழுப்பிய ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. பினாங்கில் 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகம்தான் சுங்கை பத்துவில் அகழாய்வு செய்தது. சுங்கைப்பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹலிம் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் கற்களையும் பானைகளையும் காக்கிறது. கற்களுக்கே முழுப் பாதுகாப்பு இல்லை என்பதை 2013-இல் சண்டி எனப்படும் பழங்கோயில் எச்சம் ஒன்று இடிக்கப்பட்டபோது பார்த்தோம். காகிதத்துக்குப் பொறுப்பான இடம் இன்னும் வேண்டும்.

தொகுப்பு கெடாவுக்குள்ளேயே, செமிலிங்கிலோ சுங்கைப்பட்டாணியிலோ இருக்க வேண்டும் என்பேன். தாளைக் கொடுத்த குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பேருந்தேறி வந்து பார்க்கும் தூரத்தில் அது இருந்தால்தான் அடுத்த குடும்பமும் கொடுக்கும். கோலாலம்பூருக்கு அனுப்பிய தாளை மறுபடி பார்ப்போம் என்று யாரும் நம்புவதில்லை. பட்டியல் மட்டும் மலாயாப் பல்கலைக்கழகத்தோடு பொதுவாக இருக்கட்டும். மின்படிகள் வேறு இரண்டு இடங்களில் இருக்கட்டும். பட்டியலில் நூற்பெயரைத் தமிழ் எழுத்திலேயே போட வேண்டும். ரோமன் எழுத்தில் மட்டும் போட்டால் ஒரே நூல் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று நூலாகிவிடும், தேடுகிறவருக்கு ஒன்றும் அகப்படாது. ஒவ்வொரு பதிவிலும் தோட்டத்தின் பெயர், பிரிவு, கொடுத்தவர் விரும்பினால் அவர் பெயர், எந்தப் பெட்டியில் எதோடு சேர்ந்து வந்தது என்ற குறிப்பு ஆகியவை இருக்க வேண்டும். ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் பயிற்சிக்குப் போகும் பள்ளிகளிலேயே பழைய பதிவேடுகள் எவை இருக்கின்றன என்று எழுதிவரச் சொன்னால் முதல் பட்டியல் ஓர் ஆண்டில் தயாராகிவிடும். 1969-இல் இராம. சுப்பையா நிறுத்திய இடத்திலிருந்து ‘தமிழ் மலேசியானா’வை மாநிலம் மாநிலமாகத் தொடரும்போது, கெடாத் தொகுதிக்கு அந்தப் பட்டியலே முதல் படிவமாக இருக்கலாம்.